சுவாமிக்கு ஸ்டென்ட், சீடருக்குக் கர்மாவா?

கேள்வி: எனக்கு வயது 44. ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நானும் மனைவியும் ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சுவாமியிடம் தீட்சை வாங்கினோம். வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. தாம்பத்தியம் கிடையாது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. ‘மருந்து உடம்பை அடிமையாக்கும்’ என்று சுவாமி சத்சங்கத்தில் சொன்னதைக் கேட்டு, மனைவி நாலு மாதமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதில்லை. போன மாதம் ஆசிரமத்தில் கணக்கு எழுதும் சேவைக்குப் போனேன். கோவையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பில் கண்ணில் பட்டது. சுவாமிக்கு ஸ்டென்ட் வைத்த பில். கூடவே மாதாமாதம் மருந்து வாங்கிய பில்கள். என் மனைவி நிறுத்திய அதே மெட்ஃபார்மினும் அதில் இருந்தது. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். ‘அவர் உடம்பு உலகத்துக்காக இருக்கிறது, நம் உடம்பு கர்மா கழிக்க இருக்கிறது. நீங்கள் பார்த்தது அவர் குறையை இல்லை, உங்கள் அகங்காரத்தை’ என்றார். மனைவியிடம் சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இப்போது அப்பா எனக்கு விட்டுப்போன ஐந்து சென்ட் இடத்தை ஆசிரமத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்கிறாள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆசிரமத்தில் தினமும் அன்னதானம் நடக்கிறது, நல்லதும் நிறைய செய்கிறார்கள். நான் குருத்துரோகியா? என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

குருத்துரோகத்தைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் வரும் ‘நாலு மாதமாக’ என்பதுதான் என்னை உலுக்கியது. நான் மனநல ஆலோசகர், சர்க்கரை நோய் டாக்டர் இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திய நாலு மாதம் என்பது காத்திருக்கிற விஷயமில்லை என்று சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் வேண்டும். அடிக்கடி தாகம், ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் போவது, உடம்பு இளைப்பது, பாதத்தில் மதமதப்பு, ஆறாத புண் எல்லாம் இருக்கிறதா என்று கவனியுங்கள். வாந்தி, மயக்கம், மூச்சு வேகமாக வாங்குவது என்றால் சோதனைக்குக் காத்திராமல் நேராக ஆஸ்பத்திரி. பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். இத்தனை நாள் கழித்து எந்த அளவில் தொடங்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

‘என் மனைவி வர மாட்டாளே’ என்பீர்கள். சுவாமி பேச்சை எடுத்தால் வர மாட்டார்தான். அதனால் எடுக்காதீர்கள். ‘மாத்திரை வேண்டாம்னா வேண்டாம், சுகர் எவ்வளவு இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வந்துரலாம்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021லிருந்து நடக்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். புருஷன் சொல்லிக் கேட்காத பேச்சை, வாசலில் வந்து நிற்கிற அந்தப் பெண் ஊழியர் சொன்னால் கேட்பவர்கள் உண்டு. நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சுவாமி ஸ்டென்ட் வைத்துக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை. நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். 1949ல் ரமண மகரிஷிக்கு இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்தபோது அந்த வருடத்தில் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர்களைச் செய்ய விட்டார். அதனால் அவர் மேல் யாருக்கும் மரியாதை குறையவில்லை. ஏனென்றால், ‘நீங்கள் யாரும் டாக்டரிடம் போகாதீர்கள்’ என்று அவர் சொல்லியிருக்கவில்லை. உங்கள் சுவாமி விஷயத்தில் உறுத்துவது அவர் விழுங்கிய மாத்திரை இல்லை. அதே மாத்திரையை உங்கள் வீட்டில் நிறுத்த வைத்துவிட்டு, தான் சாப்பிடுவதை வெளியே சொல்லாமல் வைத்திருந்ததுதான். மேடையில் ஒரு வார்த்தை, ‘எனக்கும் சர்க்கரை இருக்கிறது, நானும் மாத்திரை போடுகிறேன்’ என்று சொல்லியிருந்தால் உங்கள் மனைவியின் மாத்திரை டப்பா இன்று சாப்பிட்டுத் தீர்ந்து காலியாகியிருக்கும்.

நம் ஊரில் இதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தனக்கென்று தனியாக எதையும் பரிமாறக் கூடாது, எல்லோருக்கும் உண்டானால் எனக்கும், இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று ரமணர் பிடிவாதமாக இருந்ததை அங்கே வாழ்ந்த பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். (அதே கூடத்தில் ஆசாரமான பிராமணர்கள் உட்காரத் தடுப்பு வைத்த தனி இடமும் இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நானும் பந்தி வஞ்சனை செய்தவளாவேன்.) ஒரு குருவை எடைபோட உபதேசம் அத்தனையையும் படிக்க வேண்டாம். அவர் போடும் விதி அவர் இலையிலும் விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கெட்டிக்காரத்தனமான பதில். சுவாமி மாத்திரை சாப்பிடாவிட்டால் அது தவம், சாப்பிட்டால் அது உலக நன்மை. எது நடந்தாலும் சுவாமி சரி, கேட்டவன் தப்பு. இப்படிப்பட்ட பதிலுக்குப் பிறகு நீங்கள் எந்த ஆதாரத்தைக் கொண்டுபோனாலும் அது உங்கள் அகங்காரத்துக்குத்தான் ஆதாரமாகும். ‘அவர் நிலை வேறு’ என்ற நம்பிக்கை, சீடர்களைவிட மோசமாகச் சில சமயம் குருவையே ஏமாற்றிவிடும். அமெரிக்காவில் பெரிய பௌத்த அமைப்பை உண்டாக்கியவர் திபெத்திய குரு சோக்யம் துருங்பா. அவர் 1987ல் இறந்தபின், அவர் வாரிசாக நியமித்திருந்த ஓசெல் தென்சின் என்ற அமெரிக்கர் பொறுப்புக்கு வந்தார். தனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தும் பாதுகாப்பில்லாத உறவு வைத்திருந்தார் என்பது 1988 கடைசியில் வெளியே வந்தது. ஒருவருக்கு நோய் தொற்றியும் விட்டது. தன்னிடமிருந்து யாருக்கும் பரவாதபடி ஓர் ஆன்மிகப் பாதுகாப்பு இருப்பதாக நம்பியிருந்தேன் என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். 1990ல் அவரும் இறந்துபோனார். தொற்றுக்கு யார் நிலையும் ஒன்றுதான். சர்க்கரைக்கும் அப்படியே.

குருத்துரோகி என்ற வார்த்தைக்கு வருகிறேன், அது உங்களை ரொம்ப அரிக்கிறது என்று தெரிகிறது. குருவைக் குறை சொல்வது பெரும் பாவம் என்ற எண்ணம் திபெத்திய மரபில் நம்மைவிடக் கெட்டி. அந்த மரபிலேயே, புகழ்பெற்ற சோக்யால் ரின்போச்சேயின் பழைய சீடர்கள் எட்டுப் பேர், அவர் அடித்ததையும் பெண்களிடம் நடந்துகொண்டதையும் ஆடம்பரத்தையும் விவரித்து 2017ல் அவருக்கே கடிதம் எழுதினார்கள். சில வாரங்களில் தலாய் லாமா லடாக்கில் பேசும்போது, என் நல்ல நண்பர்தான், ஆனால் அவமானப்பட்டு நிற்கிறார் என்று பேர் சொல்லியே சொன்னார். அந்த எட்டுப் பேரைத் துரோகிகள் என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் அவர்கள் அளவுக்குக்கூடப் போகவில்லை. ஒரு பில்லைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவர் வேறு என்ன செய்வார்?

தாம்பத்தியம் கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். ஒன்பது வருடம், கல்யாணமான இருவர். இருவரும் மனமொத்து எடுத்த விரதமென்றால் அதில் தலையிட எனக்கோ வேறு யாருக்கோ உரிமை இல்லை. ஆனால் உங்கள் மனைவிக்கு அது பிடித்திருந்ததா, உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று என்றாவது ஒருவரையொருவர் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

இந்த இடத்தில் அம்ரித் தேசாய் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குஜராத்திக்காரர். 1960ல் படிக்க அமெரிக்கா போனவர், அங்கேயே யோகா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, தன் குரு கிருபாலுவானந்தரின் பெயரில் ஆசிரமம் அமைத்தார். 1983ல் ஆசிரமம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெனாக்ஸ் என்ற ஊருக்கு, முன்பு ஏசு சபைப் பாதிரியார்களின் பயிற்சி மடமாக இருந்த பெரிய இடத்துக்குக் குடிபோனது. நூற்றுக்கணக்கான சீடர்கள் அங்கேயே தங்கி, சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் வாங்காமல் சமைத்தார்கள், துணி துவைத்தார்கள், வகுப்பெடுத்தார்கள். உங்களைப் போலவே சேவை. தங்கியிருப்பவர்களுக்குப் பிரம்மச்சரியம் விதி. அவர் குடும்பஸ்தர், ஆனாலும் ஊருக்கெல்லாம் பிரம்மச்சரியத்தின் பெருமையைப் போதித்துக்கொண்டிருந்தார். 1994ல் பெண் சீடர்கள் சிலரோடு அவருக்கு உறவு இருந்தது வெளியே வந்தது. ஒப்புக்கொண்டு விலகினார். முன்னாள் ஆசிரமவாசிகளுக்கு நிறுவனம் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. இளமையை அங்கே விதிப்படி கழித்தவர்களுக்கு அந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுக்க முடியும்?

ஆனால் கதை அதோடு முடியவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அந்த ஆசிரமம் இழுத்து மூடப்படவில்லை. குரு என்று ஒருவர் இல்லாமலே யோகா மையமாக மாறி இன்றும் நடக்கிறது. மூச்சுப் பயிற்சி பொய்யாகிவிடவில்லை. ஒன்பது வருடத்தில் விடியற்காலை எழுகிற பழக்கம், கொஞ்சம் தியானம், சாப்பாட்டில் ஒழுங்கு என்று உங்களுக்குக் கிடைத்தது இருந்தால் அது உங்கள் சொத்து. சுவாமியைப் பற்றிய எண்ணம் மாறிய அன்றே அதையும் தூக்கிப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தாம்பத்தியத்தைப் பற்றி மட்டும், அவசரப்பட்டு, விட்டதைப் பிடிக்கிற மாதிரி மனைவியை நெருங்காதீர்கள். முதலில் பேச்சு வரட்டும்.

அன்னதானம் நடக்கிறது, நல்லது செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். புட்டபர்த்தி சாய்பாபாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசைக்கு வரம்பு கட்டுங்கள் என்று பக்தர்களுக்குப் போதித்தவர். இலவச ஆஸ்பத்திரி கட்டினார். கண்டலேறு–பூண்டி கால்வாயைச் சீரமைத்துக் கொடுத்தார், சென்னையில் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறோம். 2011 ஏப்ரலில் அவர் மறைந்து, ஜூனில் அவர் அறையைத் திறந்தபோது உள்ளே 98 கிலோ தங்கமும் 307 கிலோ வெள்ளியும் 11.56 கோடி ரூபாய் ரொக்கமும் இருந்தன. கால்வாய்த் தண்ணீரைக் காட்டி அந்த அறையை மறைக்கவும் முடியாது, அறையைக் காட்டித் தண்ணீரை இல்லையென்று சொல்லவும் முடியாது. அதுபோல உங்கள் ஆசிரமத்து அன்னதானம் அன்னதானக் கணக்கில் இருக்கட்டும். உங்கள் மனைவியின் மாத்திரை வேறு கணக்கு.

மனைவியிடம் என்ன பேசுவது? பில்லை மறுபடி எடுக்காதீர்கள். ஆதாரத்தைக் கண்ணில் காட்டினால் நம்பிக்கை உடைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். விராலிமலை பாத்திமா நகர் பிரேமானந்தாவுக்கு 1997ல் புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது, 2005ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2011ல் கைதியாகவே இறந்தார். அவர் நிரபராதி என்று நம்புகிற சீடர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீதிமன்றத் தீர்ப்பே செய்யாததை உங்கள் ஆஸ்பத்திரி பில் செய்துவிடாது. அந்த மூன்று நாள் மௌனத்தை நான் உங்கள் மேல் வந்த கோபமாகப் பார்க்கவில்லை. சாப்பாடு, படுக்கை, சம்பளம், உடம்பு என்று ஒன்பது வருடம் விட்டுக்கொடுத்த அத்தனையையும் ஒரே மாலையில் வீண் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னால் யாருக்கும் வாயடைத்துத்தான் போகும்.

பலவந்தமும் வேண்டாம். 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஈஷா மையத்தில் இருக்கும் இரண்டு மகள்களை மீட்டுத் தரும்படி கோவைப் பேராசிரியர் ஒருவர் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். தன் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து நல்லபடியாகக் குடியமர்த்திய ஈஷா நிறுவனர் ஜக்கி வாசுதேவ், மற்றவர்களின் மகள்களைத் துறவுக்கு ஏன் ஊக்குவிக்கிறார் என்று நீதிபதிகள் கேட்டார்கள். யாரையும் துறவியாகும்படி சொல்வதில்லை, அது அவரவர் விருப்பம் என்றது ஈஷா. கேள்வி நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இருவரும் வயது வந்தவர்கள், தங்கள் விருப்பத்தில்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று அந்த மனுவை முடித்துவைத்தது. நீதிபதிகளின் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். உச்ச நீதிமன்றம் சொன்னதும் சரிதான். குருவிடம் இரட்டை நியாயம் இருப்பதாலேயே சீடருக்குச் சுயபுத்தி இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் மனைவியும் வயது வந்தவர்.

அதனால் அவருக்கு மரியாதையோடு திரும்பி வர ஒரு வாசல் வேண்டும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘மாத்திரை வேண்டாம்னு சுவாமி உன்னைப் பார்த்துச் சொன்னாரா, இல்லே கூட்டத்துல பொதுவா சொன்னாரா? நீயே ஒரு வார்த்தை நேர்ல கேட்டுட்டு வந்துரு.’ முகத்துக்கு நேராக, ஒரு சர்க்கரை நோயாளியிடம், மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற தைரியம் பல சுவாமிகளுக்கு வராது. நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் கேட்கும் என்று அவர்களுக்கும் தெரியும். ‘டாக்டர் சொன்னபடி செய்யம்மா’ என்று சொல்லிவிட்டால், உங்கள் மனைவி குருவாக்கை மீறாமலே மாத்திரை சாப்பிடலாம். நல்ல பேர் சுவாமிக்கே போகட்டும், சர்க்கரை இறங்கினால் சரி. ‘சாப்பிடாதே’ என்றே சொல்லிவிட்டால், அதைப் பொறுப்போடு சொன்னவர் யார் என்பது உங்கள் மனைவிக்கே நேரில் தெரிந்துவிடும். ஆனால் ரத்தப் பரிசோதனையை இந்தச் சந்திப்புக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றையும் ஆற அமரப் பேசலாம். வாலிபர்களுக்குப் பிரம்மச்சரியம் போதித்து, பிப்ரவரி 14ஐப் பெற்றோரை வணங்கும் நாளாகக் கொண்டாடச் சொன்ன ஆசாராம் பாபுவுக்கு, பதினாறு வயதுப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததற்காக 2018ல் ஜோத்பூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்ததே, அந்தச் செய்தியைப் பார்த்து அன்று நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள்? ‘அவர் நிலை வேறு’ என்றா? அடுத்தவர் குருவுக்கு ஒரு தராசும் நம் குருவுக்கு ஒரு தராசும் வைத்திருப்பது நாமும்தான். அதோடு உங்கள் வீட்டையும் பாருங்கள். சுவாமி உங்களுக்குப் போட்ட விதியை நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்? மகள் வெளியில் பூண்டு போட்ட பிரியாணி சாப்பிட்டால் வீட்டில் மறைக்கிறாளா? மறைக்கிறாள் என்றால் அவளிடம் இன்றே ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடுங்கள்.

இடத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகி அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு மனம் மாறி நீங்களாக ஒருதலைப்பட்சமாக ரத்து செய்ய முடியாது. மனைவியிடம் ‘முடியாது’ என்று வீம்பு காட்ட வேண்டாம். ‘மகள் காலேஜ் சேர்ந்து முடிக்கட்டும், அதுவரைக்கும் எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்து இல்லை’ என்று சொல்லுங்கள். அப்பா வழி இடம் என்பதால் அதில் மகளுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடமும் கேட்டு வையுங்கள். காணிக்கையை உடனே நிறுத்தினால் வீட்டில் பிரளயம் வரும் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், கொடுப்பதற்கு ரசீது வாங்குங்கள்.

கடைசியாக, அந்தப் பில்லின் போட்டோ உங்கள் செல்போனில் இருந்தால் வாட்ஸ்ஆப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அது ஒருவருடைய மருத்துவ விவரம், சிக்கல் உங்களுக்குத்தான் வரும். கணக்குச் சேவையிலிருந்து மட்டும் இந்த மாதமே விலகிவிடுங்கள். பட்டறையில் ஆடிட் வேலை இருக்கிறது என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அறக்கட்டளைப் பணத்தை அதன் நிறுவனருக்கும் அவர் குடும்பத்துக்கும் செலவழித்தால் வரிவிலக்கே போய்விடலாம் என்பது வருமான வரிச் சட்டத்தில் உள்ளது, கணக்கு எழுதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஸ்டென்ட் பில் பேரேட்டில் எந்தத் தலைப்பில் ஏறியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ‘ஏழைகளுக்கு மருத்துவ உதவி’ என்ற தலைப்பில் ஏறியிருந்தால், அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கக் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் அடுத்த கடிதத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். அதற்கு ஆலோசனை சொல்ல வேண்டியவர் ஆடிட்டர், யாரைப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன்.